சாம்பல் புதனிலிருந்து: ஒரு காரைக்குடி நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, அதைத் துடைக்காமலே ஆத்தங்குடி டவுன் பஸ்ஸில் ஏறினேன். பட்டறையில் தரைக்கல் ஊற்றும் அண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்றைக்கு நீயும் திருநீறு பூசிவிட்டாயா பாப்பா?" என்று கேட்டார். சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பல் இது, மண்ணிலிருந்து வந்தவர்கள் மண்ணுக்கே போவோம் என்று சொல்லி இடுவார்கள் என்றேன். "எங்களுக்கும் அதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடியைத் துடைக்கப் போனார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு மூன்று தீர்மானங்கள் எடுத்திருக்கிறேன். நாற்பது நாளும் கறி, மீன் கிடையாது. சினிமா கிடையாது. மூன்றாவதைக் காலையில் திருச்சிலுவைக்கு முன்னால் நின்றுதான் சொன்னேன்: தேவகோட்டையாளைப் போய்ப் பார்ப்பது.

முதல் இரண்டும் பெரிய காரியம் இல்லை. காரைக்குடியில் மதிய வேளையில் எந்தத் தெருவில் நடந்தாலும் மிளகும் சோம்பும் வறுபடுகிற வாசம் ஆளை இழுக்கும். ஆனாலும் சிறு வயதிலிருந்து பழகிய நோன்பு அது. மூன்றாவதுதான் வயிற்றைப் பிசைகிறது.

மார்ச் 9, ஞாயிறு

கல்லூரி விடுதியில் நாங்கள் நால்வரும் ஒரே அறை. செட்டிநாட்டு வீடுகளில் பெண்களை ஊர்ப் பெயரால் அழைக்கும் வழக்கத்தைப் பார்த்து நாங்களும் அப்படியே அழைத்துக்கொண்டோம். பள்ளத்தூராள், இளையான்குடியாள், தேவகோட்டையாள், காரைக்குடியாளாகிய நான். படிப்பு முடிந்தும் பெயர்கள் நிலைத்துவிட்டன. தேவகோட்டையாள் என்னைப் போலக் கிறிஸ்தவள். வேலை காரைக்குடியில் என்பதால் எங்கள் பங்கின் பாடகர் குழுவிலேயே பாடினாள். பதிலுரைப் பாடல் என்றால் அவள்தான்.

இன்று பாட வேண்டியது 91ஆம் திருப்பாடல். அவள் இடத்தில் நான் நின்று பாடினேன். பிறகு நற்செய்தி வாசகம், பாலைநிலத்தில் இயேசு சோதிக்கப்பட்டது. அலகை, அதாவது சாத்தான், கோவிலின் உச்சியில் நின்றுகொண்டு மறைநூலை எடுத்துச் சொல்கிறது அல்லவா, அது சொல்வது இதே 91ஆம் திருப்பாடலைத்தான். நான் சற்று முன் பாடிய அதே வரிகள். எத்தனையோ முறை கேட்ட வாசகம், இன்று கையெல்லாம் சில்லிட்டுப்போனது. இறைவாக்கை வைத்தே தீமை செய்ய முடியும். நான் செய்தேன்.

டிசம்பரில் தேவகோட்டையாளுக்கு நிச்சயமான திருமணம் நின்றுபோனது. என்னிடம் மட்டும் சொன்னாள், அழுதுகொண்டே. அந்த வாரக் கரோல் பயிற்சி முடிந்ததும், "அவளுக்காகச் செபித்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கிய நான், யார், எதற்காக, எவ்வளவு நகையில் பேச்சு முறிந்தது என்பது வரை பதினோரு பேருக்கும் சொல்லி முடித்துவிட்டேன். செபத்துக்கு அவள் பெயர் போதுமே. பெயர்கூட வேண்டாமே. இரண்டே நாளில் அவளுடைய அம்மா அதைக் கடைத்தெருவில் யாரோ கேட்கக் கேட்டார்களாம். "உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்" என்று ஒரே ஒரு வரி அனுப்பினாள். அதன் பிறகு பேச்சில்லை. குழுவுக்கும் வரவில்லை.

இதை இங்கே எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். பெயர் இல்லாமல், என் குற்றத்தை மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப் பாதை. பதினான்கு நிலைகளுக்கும் முழந்தாளிட்டு எழுந்ததில் கால் வலிக்கிறது.

முடித்துக்கொண்டு இளையான்குடியாளின் அறைக்குப் போனேன். இந்த ஆண்டு ரமலானும் தவக்காலமும் ஒரே மாதத்தில் வந்திருக்கின்றன. மார்ச் 2ஆம் தேதி அவளுக்கு முதல் நோன்பு, மூன்றே நாள் கழித்து எனக்கு. பள்ளத்தூராளும் வந்திருந்தாள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க அவளும் விரதம் இருக்கிறாள், மஞ்சள் சேலை. நோன்புக் கஞ்சியை மூடி வைத்திருந்தாள் இளையான்குடியாள். "கறி போடாமல் தனியாகக் காய்ச்சினேன், நீங்கள் இரண்டு பேரும் குடிக்கலாம்" என்றாள். பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், எங்கள் விரதத்தை நினைத்துத் தனி அடுப்பில் ஒரு சட்டி வைத்திருக்கிறாள்!

நான்காவது கிண்ணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளத்தூராள் கிளம்பும்போது மட்டும், "இன்னும் போகவில்லையா நீ?" என்று கேட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

பிற்பகல் பள்ளத்தூராளோடு முனீஸ்வரன் கோவில் தெரு, பழம்பொருள் கடைகள். எங்களுக்குக் காசு செலவில்லாத பொழுதுபோக்கு இது. தூண்கள், கதவு நிலைகள், எனாமல் தூக்குச்சட்டிகள், யாரென்றே தெரியாத மணமக்களின் கண்ணாடிச் சட்டமிட்ட படங்கள். ஒரு பித்தளைக் குடத்தின் கழுத்தில் தலைப்பெழுத்துகள் வெட்டியிருந்தன. மகளுக்குச் சீர் கொடுக்கும்போது பாத்திரத்தில் அப்படிப் பொறித்துக் கொடுப்பது இங்கே வழக்கம். பள்ளத்தூராள் அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். யாருக்காகவோ பெயர் வெட்டிக் கொடுத்தது, இன்று எடைக்கு நிற்கிறது. எனக்குத் தேவகோட்டையாளின் வீட்டில் பரணில் அடுக்கி வைத்திருந்த சீர்ப் பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. ஜனவரியில் திருமணம் என்று வாங்கியவை.

ஒன்றும் வாங்கவில்லை. ரோஜாப்பூ பால் குடித்துவிட்டு வீடு வந்தோம்.

மார்ச் 23, ஞாயிறு

திருத்தந்தை பிரான்சிஸ் இன்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். பிப்ரவரி 14ஆம் தேதியிலிருந்து 38 நாள்கள். ஒவ்வொரு பூசையிலும் அவருக்காக மன்றாடி வந்தோம். சக்கர நாற்காலியில் மாடத்துக்கு வந்து கையை உயர்த்தியதைத் தொலைக்காட்சியில் பார்த்து அம்மாச்சி கைகூப்பினார்கள்.

பாடகர் பயிற்சி முடிந்ததும் எழுந்து நின்று, டிசம்பரில் நான் சொன்னது தவறு, அவள் அனுமதியில்லாமல் சொன்னது, இனி யாரும் அதைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். குரல் நடுங்கியது. ஆர்மோனியம் வாசிக்கும் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஒருத்தி, "நாங்கள் நல்லதுக்குத்தானே கேட்டுக்கொண்டோம்" என்றாள். நானும் அப்படித்தான் எனக்கே மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 31, திங்கள்

ரமலான் பெருநாள். பிரியாணியை மூடி வைத்துவிட்டு, எனக்கு மட்டும் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் எடுத்து வந்தாள் இளையான்குடியாளின் அம்மா. ஈஸ்டர் அன்று என் வீட்டில் ஈடு செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பங்கிலிருந்து ஓரியூருக்குத் தவக்காலத் திருப்பயணம். இரண்டு பஸ்கள். யூபிலி ஆண்டு என்பதால் கூட்டம் அதிகம்.

ஓரியூரை முழுதாக எழுத வேண்டும் என்று வெகு நாள் ஆசை. லிஸ்பன் நகரத்துச் செல்வக் குடும்பத்தில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, காவியுடுத்தி, மரக்கறி உண்டு, அருளானந்தர் என்ற பெயரோடு இந்த மறவர் சீமையில் நடந்தவர். தடியத் தேவர் என்ற தலைவர் ஞானஸ்நானம் பெற விரும்பியபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்று அருளானந்தர் சொன்னார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவுப் பெண். அந்தக் கோபமே ஓரியூர் வரை கொண்டுவந்தது. 1693 பிப்ரவரி 4ஆம் தேதி இங்கே தலை வெட்டப்பட்டார். 1947இல் புனிதர் பட்டம்.

அந்த பிப்ரவரி 4 ஒரு சாம்பல் புதன். அந்த ஆண்டில் ஈஸ்டர் மார்ச் 22ஆம் தேதியே வந்துவிட்டது, அதைவிட முந்தி அது வரவே முடியாது. நம் நெற்றியில் சாம்பல் இடும் நாளில் அவர் மண்ணில் சாய்ந்திருக்கிறார். அங்கே மண் சிவப்பு. அவருடைய இரத்தத்தால் சிவந்தது என்று நம்பி மக்கள் ஒரு பிடி எடுத்துப் போகிறார்கள். நானும் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

இத்தனை முறை போயும், கைவிடப்பட்ட அந்தப் பெண்ணை நான் நினைத்ததே இல்லை. இன்று நினைத்தேன். அவளைப் பற்றியும் ஊர் எத்தனை பேசியிருக்கும்.

பூசையில் வாசகம் யோவான் எட்டாம் அதிகாரம். விபசாரத்தில் பிடிபட்ட ஒரு பெண்ணை இழுத்து வந்து நடுவில் நிறுத்துகிறார்கள். நடுவில் நிறுத்தினார்கள் என்ற அந்த ஒரு சொல்லுக்கு மேல் எனக்கு மறையுரை எதுவும் காதில் விழவில்லை. என் தோழி எந்தத் தவறும் செய்யாதவள். அவளைப் பதினோரு பேருக்கு நடுவில் நான் நிறுத்தினேன்.

திரும்பும் வழியில் பஸ் தேவகோட்டையில் டீக்கு நின்றது. அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. கால் மணி நேரம் இருந்தது. நான் இறங்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

போய்விட்டேன்.

பட்டறையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, புறப்படும் முன் அண்ணன் வேலை செய்வதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தங்குடிக் கல்லைத் தலைகீழாகத்தான் செய்வார்கள். கண்ணாடிமேல் இரும்பு அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கி, உலர்ந்த கலவையைத் தூவி, மேலே சிமெண்ட் சாந்தை அப்பி மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறும். செய்கிறவர் கண்ணுக்கு முதுகுதான் தெரியும். பூ எப்படி விழுந்திருக்கிறது என்பது கண்ணாடி விடும்போதுதான் தெரியும். முப்பது வருடமாகச் செய்கிற அவருக்கே அந்த நேரத்தில் கை மெதுவாகிவிடுகிறது.

கதவைத் திறந்தது அவளுடைய அம்மா. "வா" என்று சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. உள்ளே பார்த்துக் கூப்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்கள். அவள் வந்து திண்ணையின் மறு கோடியில் உட்கார்ந்தாள். மெலிந்திருக்கிறாள்.

மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "தப்புச் செய்துவிட்டேன்" என்றேன்.

வெகு நேரம் கழித்துக் கேட்டாள்: "அன்றைக்கு நீ செபம் கேட்டாயா, செய்தி சொன்னாயா?"

"செய்தி சொன்னேன்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் அவளைக் கட்டாயப்படுத்துவதாகும் என்று தோன்றியது. அம்மா இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தார்கள். குடித்தோம். ஐந்தே கால் பஸ்ஸுக்கு எழுந்தேன். வாசல் வரை வந்தாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

எதிர் வீட்டு ஆச்சி பனையோலையில் கொட்டான் முடைவதில் கை தேர்ந்தவர். ஒரு குருத்தோலையை எடுத்துப் போய்க் கொடுத்தேன். நான் மடித்த சிலுவையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "ஓலையை ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டாமா ஆத்தா, பார் எப்படி வெடித்திருக்கிறது" என்று கடிந்துகொண்டார். பிறகு தன் கையால் முடைந்து கொடுத்தார், நான்கு முனையிலும் சின்ன முடிச்சோடு. அதைச் சுவரில் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறேன். அடுத்த சாம்பல் புதனுக்குக் கொடுக்க மனம் வருமா தெரியவில்லை. நாளை சித்திரை முதல் நாள், ஆச்சிக்கு எங்கள் வீட்டு மரத்து மாங்காய் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி. மௌனம். மூன்று மணி வழிபாட்டில் சிலுவையை முத்தமிட வரிசை வாசல் வரை நின்றது.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

நள்ளிரவு வழிபாடு முடிந்து வீடு திரும்பும்போது மணி இரண்டரை. விளக்குகளை அணைத்த கோவிலுக்குள் பாஸ்காத் திரியிலிருந்து ஒவ்வொரு மெழுகுவத்தியாகப் பற்றிக்கொண்டு போகும்போது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் கண் கலங்கும். மூன்றாம் வாசகம், செங்கடலைக் கடந்தது. அதற்கு விடுதலைப் பயணப் பாடல். சென்ற ஆண்டு அவள் பாடியபோது பின்வரிசைப் பாட்டிகள்கூட எழுந்து நின்று பாடினார்கள். வாசலைப் பார்த்துக்கொண்டே பாடினேன். அவள் வரவில்லை.

மதியம் வாக்குப்படி இளையான்குடியாளும் பள்ளத்தூராளும் வந்தார்கள். கோழிக் குழம்பு, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம். அம்மா ஒரு தூக்குச்சட்டியில் பணியாரம் போட்டு, "தேவகோட்டைக்கு யார் போனாலும் கொடுத்துவிடுங்கள்" என்று தனியே வைத்தார்கள். பள்ளத்தூராள் எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

பட்டறையில் மதியச் சாப்பாட்டு வேளை. திருத்தந்தை பிரான்சிஸ் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. நேற்றுத்தான் மாடத்தில் நின்று ஆசி கொடுத்தார், வளாகத்தில் மக்களிடையே வண்டியில் வந்தார். நம் நேரப்படி காலை பதினொன்றுக்குச் சற்றுப் பின். வயது 88. சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்னவென்று கேட்டு, "பெரியவர், பண்டிகையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்" என்றார்.

அப்போது தொலைபேசி அடித்தது. திரையில் அவள் பெயர். நான்கு மாதத்துக்குப் பிறகு.

"கேள்விப்பட்டாயா?"

"இப்போதுதான்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். இருவரும் சேர்ந்து விண்ணகத் தந்தையே சொன்னோம், தொலைபேசியிலேயே, அவர் ஆன்மாவுக்காக. பிறகு கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பணியாரம் வந்தது என்றாள், அம்மா இரண்டு சாப்பிட்டார்களாம்.

"செங்கடல் பாட்டை யார் பாடினார்கள்?"

"நான்."

"இரண்டாவது அடியில் சுருதி இறங்கியிருக்குமே."

"இறங்கியது," என்றேன்.