பம்ப் மறைக்கற தப்பெல்லாம்: ஹோம்பில்ட் விமானத்துல ஹைட்ராலிக் கியர்

ஹோம்பில்ட்னா ஃபேக்டரில வாங்காம சொந்தமா செஞ்ச விமானம், கியர்னா அதோட சக்கரம் மாட்டின மூணு கால், அத ஹைட்ராலிக், அதாவது பம்ப் தள்ளற ஆயிலோட ப்ரெஷர் ஏத்தி இறக்குது. லிவர மேல தூக்கினா மூணு காலும் உள்ள போகுது, கீழ இறக்கினா மூணு பச்சை லைட்டும் எரியுது, அப்புறம் என்னன்னு நிறைய பேர் அதோட விட்டுடறாங்க. எனக்கு பயமே அங்க தான். ஹைட்ராலிக்குக்கு பலம் ஜாஸ்தி. கால் மடங்கற மூட்டுல, அதான் பிவட்ல, கிரீஸ் காஞ்சு போயிருந்தாலும், கியர் கதவு லேசா உரசினாலும், கால தாங்கற ஒரு லிங்க் கம்பி கொஞ்சம் கோணலா உக்காந்திருந்தாலும் அது பாட்டுக்கு தள்ளி வேலைய முடிச்சுடும், காக்பிட்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. பம்ப் நின்னு போற அன்னிக்கு தான் எல்லாம் சேந்து வெளிய வரும்.

ஹோம்பில்ட்ல இது இன்னும் சிக்கல், ஏன்னா ஒரே கிட்ல (பாகங்களா வாங்கற செட்ல) இருந்து வந்த ரெண்டு விமானம் கூட ஒண்ணு மாதிரி இருக்காது. பைப் போன வழி வேற, ஸ்விட்ச் வச்ச இடம் வேற, செஞ்சவர் நடுவுல என்னத்த மாத்தினார்னு அவருக்கு மட்டும் தான் தெரியும், ரெண்டாவது கைக்கு போன விமானம்னா அதுவும் போச்சு.

முதல்ல பம்ப் சத்தம். லேன்கேர் 320, 360 மாதிரி கிட் விமானங்கள்ல கால் மேல நிக்கறதுக்கு தனியா ஒரு கொக்கி கிடையாது, ப்ரெஷர் தான் தூக்கி பிடிச்சிருக்கு. ப்ரெஷர் இறங்கினா ப்ரெஷர் ஸ்விட்ச் பம்ப ஆன் பண்ணும், ஏறினதும் ஆஃப் பண்ணும். மேல ஏற ஏற குளிர்ல ஆயில் சுருங்கும், அதனால எப்பவாவது ஒரு தடவை பம்ப் விர்ருனு ஓடி நின்னா பரவாயில்ல. ஆனா லெவல் ஃப்ளைட்ல கூட திரும்பத் திரும்ப ஓடுதுன்னா எங்கயோ ஆயில் நழுவுது. கீழ வந்து பாத்தா ஒரு சொட்டு கூட வெளிய இருக்காது, ஏன்னா லீக் உள்ளுக்குள்ளயே நடக்குது, ஒண்ணு கால தள்ளற சிலிண்டர்ல பிஸ்டன் சீல் வழியா மறுபக்கம் போகுது, இல்ல பவர் பேக்ல (பம்பும் டேங்கும் சேந்த யூனிட்) ஆயில ஒரு பக்கம் மட்டும் விடற செக் வால்வுல தூசி மாட்டி அது சரியா மூடல. ஜாக்கில ஏத்தி ஒவ்வொரு சிலிண்டரா லைன்ல இருந்து பிரிச்சு, மூடி போட்டு பாத்தா தான் ஆள் யாருன்னு பிடிபடும். இத விட்டுட்டு ப்ரெஷர் ஸ்விட்ச் செட்டிங்க மாத்தி சத்தத்த குறைக்கறது இருக்கே, அத தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

அடுத்தது ஆயில். இந்த மாதிரி சின்ன விமானங்கள்ல பெரும்பாலும் ஊத்தறது சிவப்பு கலர் மில்-ஹெச்-5606, இது மினரல் ஆயில், இதுக்கு நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் (ஆயில் கசியாம அடைக்கற வளையம்) ஒத்துக்கும். கார் பிரேக் ஆயில் க்ளைகால் வகை, அதுக்கான சீல் இபிடிஎம் ரப்பர்ல வரும். அந்த இபிடிஎம் ஓ-ரிங் ஒண்ணு தெரியாம இந்த சிஸ்டத்துக்குள்ள போயிட்டா சிவப்பு ஆயில்ல ஊறி உப்பிடும், பிஸ்டன் இறுகும், கடைசில சீல் கிழியும். ரெண்டு ஓ-ரிங்கும் கருப்பு, ஒரே சைஸ், மேசைல பக்கத்து பக்கத்துல வச்சா எது எதுன்னு கண்ணால சொல்லவே முடியாது. அதனால பாக்கெட்ல இருந்து நேரா சிலிண்டருக்கு போகணும், டப்பால உதிரியா கிடக்கறத எடுத்து போடவே கூடாது.

ஃபிட்டிங்லயும் இதே கதை தான். பைப் நுனிய புனல் மாதிரி விரிக்கறது தான் ஃப்ளேர், விமான ஏஎன் ஸ்டாண்டர்ட் ஃபிட்டிங்குக்கு அது 37 டிகிரி, கார் பைப்புக்கு 45 டிகிரி. தப்பான டூல்ல ஃப்ளேர் பண்ணினா முதல்ல இறுக்கமா தான் தெரியும், அப்புறம் அதிர்வுல கசிய ஆரம்பிக்கும், உடனே இன்னும் இறுக்கத் தோணும், ஃப்ளேர் விரிசல் விடும். கசியுதேன்னு டெஃப்லான் டேப் சுத்தறதும் வேண்டாம், அதோட பிசிறு ஒண்ணு உடைஞ்சு உள்ள போனா நேரா போய் வால்வுல தான் உக்காரும்.

இறங்கின கால ப்ரெஷர் பிடிச்சிருக்கக் கூடாது, ஓவர் சென்டர் லிங்க் தான் பிடிச்சிருக்கணும், அதாவது நேர்கோட்ட கொஞ்சம் தாண்டி மடங்கி தானா பூட்டிக்கற லிங்க். ஜாக்கில இருக்கும்போதே கியர இறக்கி, ப்ரெஷர முழுசா விட்டுட்டு லிங்க கையால அசைச்சு பாருங்க. நேர்கோட்ட தாண்டி போய் லாக் ஆகி உக்காந்திருக்கணும், இழுத்தா மடங்கற மாதிரி நின்னா பச்சை லைட்ட நம்பாதீங்க, லைட்ட எரிய வைக்கற மைக்ரோ ஸ்விட்ச் கொஞ்சம் முன்னாடியே அமுங்கற மாதிரி பொருத்தியிருந்தா கூட லைட் எரியும்.

இப்ப ஃப்ரீ ஃபால், அதாவது பம்ப் இல்லாம கால இறக்கறது. அதுக்குன்னு இருக்கற டம்ப் வால்வ திறந்தா ஆயில் ரெண்டு பக்கமும் சுலபமா போய் வரும், கால் தன் எடைலயே இறங்கணும். மெயின் கியர், அதான் இறக்கைக்கு கீழ இருக்கற ரெண்டு கால், பெரும்பாலும் வந்துடும். மூக்கு கால் தான் சோதனை, ஏன்னா இந்த லேன்கேர்ல எல்லாம் அது பின்பக்கமா மடங்கி உள்ள போகுது, இறங்கும்போது எதிர்காத்த தள்ளிக்கிட்டு முன்னாடி வரணும். அதுக்கு உதவ ஒரு கேஸ் ஸ்ட்ரட் இருக்கு, காருக்கு டிக்கி கதவ தூக்கி பிடிக்கற அதே சமாச்சாரம் தான், வருஷம் ஆக ஆக கேஸ் குறைஞ்சு பலம் போயிடும். ஹேங்கர்ல ஜாக்கி மேல காத்து கிடையாது, அதனால பலம் போன ஸ்ட்ரட் கூட அங்க பாஸ் ஆயிடும்! அதனால தான் தரைல பாத்தது போதாதுன்னு சொல்றேன், நல்ல உயரத்துல, ரன்வே பக்கத்துல, பகல்ல, பறக்கும்போது ஒரு தடவை பாத்தே ஆகணும்.

ஸ்பீட குறைச்சுட்டு, பம்புக்கு போற கரண்ட கட் பண்ற பிரேக்கர இழுத்து, லிவர கீழ வச்சு, டம்ப் வால்வ திறங்க. மூக்கு கால் லாக் ஆக எவ்ளோ நேரம், எந்த ஸ்பீடுல ஆச்சுன்னு லாக்புக்ல எழுதி வைங்க. அடுத்த இன்ஸ்பெக்‌ஷன்ல அதே ஸ்பீடுல நேரம் கூடியிருந்தா லாக் ஆகுதேன்னு விடாதீங்க, ஸ்ட்ரட்ட மாத்துங்க, பிவட்ட பிரிச்சு பாருங்க. முடிச்சதும் டம்ப் வால்வ மூடிட்டு அப்புறம் தான் பிரேக்கர உள்ள தள்ளணும், திறந்தே இருந்தா ப்ரெஷர் ஏறாது, பம்ப் நிக்காம ஓடி மோட்டார் சூடாகி கருகிடும்.