நாலு மாசத்துக்குப் பிறகு ஓர் உதை

மே மாத மழைக்கு வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் படங்கு போட்டு மூடிய பைக்கை இன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன். இலங்கை மலைநாட்டு ஹட்டன் மழை தெரியும்தானே, செயின் முழுக்கத் துரு, பெட்டரி படுத்துவிட்டது, ஹோர்ன் முனகுகிறது. முப்பது உதை உதைத்திருப்பேன், கால்தான் நொந்தது. "பழைய பெட்ரோல வடிச்சு ஊத்துடா மொதல்ல" என்று மாமா கத்தியதும்தான் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரைக் கழற்றினேன். கிண்ணத்தின் அடியில் தேன் மாதிரி மஞ்சள் பசை. பெட்ரோலில் லேசானதெல்லாம் ஆவியாகிவிட, மிஞ்சியது இதுதான். உள்ளே பெட்ரோல் போகும் நுண்துளையுள்ள சின்ன ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளையே தெரியவில்லை. வயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி மெதுவாக விட்டு ஊதினேன். அப்புறம் புது பெட்ரோல், துடைத்த பிளக், சோக்கை இழுத்து மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது!

பக்கத்துக் காம்பரா பாட்டி புகைக்கு இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறார்.