ஐந்தாவது டவுன் நடந்த மைதானம்

அக்டோபரில் நியூ ஹாம்ப்ஷயர் போகிறவர்கள் மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்கத்தான் போவார்கள். நான் போனது, ஒரு ரெஃப்ரி எண்ணிக்கையில் தவறிய இடத்தைப் பார்க்க. பாஸ்டனில் பஸ் ஏறி ஹனோவரில் இறங்கினேன். டார்ட்மவுத் கல்லூரியின் பெரிய புல்வெளி, அதற்கு மேல் பேக்கர் நூலகக் கோபுரம். அங்கிருந்து மெமோரியல் ஃபீல்டு நடக்கிற தூரம்தான். கேட் பூட்டியிருந்தது, கம்பி வழியாகப் பார்த்தேன்.

இது நம் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால். பத்து யார்ட் முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்கிலும் முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு.

1940 நவம்பர் 16. அந்த சீசனில் தோல்வியே காணாத கார்னெல் பல்கலைக்கழக அணி இங்கே டார்ட்மவுத்திடம் 0-3 என்று பின்தங்கி நிற்கிறது. கடைசி நிமிடம், கோல் கோடு கைக்கெட்டும் தூரத்தில். மூன்று முறை முட்டிப் பார்த்தும் ஒரு யார்ட் பாக்கி. ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக ஐந்து யார்ட் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். நான்காவது டவுனில் எறிந்த பந்தும் தரையில் விழுந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ரெட் ஃப்ரீசெல் என்ற ரெஃப்ரி பந்தைத் திரும்பவும் கார்னெலிடமே கொடுத்துவிட்டார். வால்டர் ஷோல் எறிந்தார், பில் மர்ஃபி பிடித்தார். பந்து கோல் கோட்டைத் தாண்டியது, டச் டவுன்: ஆறு புள்ளி, கூடுதல் உதையில் இன்னொன்று. 7-3.

தெருக் கிரிக்கெட்டில் ஏழாவது பந்து போட்டதற்கே நாங்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம்!

கார்னெல் கோச் கார்ல் ஸ்நேவ்லி ஆட்டங்களைப் படமெடுத்துப் பார்க்கும் பழக்கமுள்ளவர். படத்தில் ஐந்து டவுன் தெளிவாக இருந்தது. ஃப்ரீசெலும் தவறை ஒப்புக்கொண்டார். ஆனால் முடிந்த ஆட்டத்தின் முடிவை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. ஜெயித்தவன் விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. திங்கட்கிழமை கார்னெலிலிருந்து தந்தி வந்தது: வெற்றி உங்களுக்கே. டார்ட்மவுத்தும் ‘பரவாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று உபசாரம் பேசாமல் வாங்கிக்கொண்டது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது. அடுத்த வாரம் பென்சில்வேனியாவிடம் கார்னெல் நிஜமாகவே தோற்றது.

1990இல் இதே பிழை மிசூரியில் நடந்தது. அங்கே ஐந்தாவது டவுனில் ஜெயித்த கொலராடோ பல்கலைக்கழக அணி 33-31 வெற்றியை விடவில்லை. அந்த வருடத் தேசியப் பட்டத்திலும் பங்கு கிடைத்தது. கோச் பில் மெக்கார்ட்னியைத் திட்டாதவர்கள் குறைவு. எனக்கு அவ்வளவு சுலபமாகத் திட்ட வரவில்லை. எத்தனையாவது டவுன் என்று காட்டும் பலகையை மாற்ற மறந்துவிட்டார்கள். இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று நம்பித்தான், நேரத்தை நிறுத்த, நான்காவது டவுனில் பந்தை வேண்டுமென்றே தரையில் அடித்தார் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிற ஆட்டக்காரர். பலகை சரியாக இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்கவே மாட்டார். கார்னெல் கதை வேறு. நான்காவதில் நிஜமாகவே முயன்று, நிஜமாகவே தவறவிட்டார்கள். ஆனால் மெக்கார்ட்னி அன்று வழுக்குகிற தரையைக் குறை சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பல வருடம் கழித்து அவரே வருத்தம் தெரிவித்தார்.

எந்தப் பக்கத்துக் கோல் கோட்டில் நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. கம்பியோரமாக ஓடி வந்த மாணவர் ஒருவரை நிறுத்திக் கேட்டேன். இயர்போனைக் கழற்றிக் கொஞ்சம் யோசித்தார்.

“அது நாங்கள் ஜெயித்த ஆட்டம்தானே?” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.