செப்டம்பர் நம்பர்களை நம்பி கீப்பர் வைக்காதீர்கள்

2025 மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பால்) சீசன் செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. அன்றைக்கு பிளே ஆஃப் பாக்கி, வேர்ல்டு சீரிஸ் பாக்கி, ஆனால் ஃபேண்டஸி (நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாமே டீம் கட்டி, அவர்கள் எடுக்கிற நம்பர்களை வைத்துப் போட்டி போடுவது) ஆடுகிறவர்களுக்குக் கணக்கு முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் பல லீக்குகளில் அது எப்போதோ முடிந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் என்.எஃப்.எல். (அமெரிக்கன் ஃபுட்பால்) ஆரம்பித்ததும் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அவர்கள் டீமில் கை உடைந்தவனும் கால் சுளுக்கியவனும் அப்படியே லைன் அப்பில் உட்கார்ந்திருப்பான், திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. கீப்பர் லீக்கில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல காலம் வருஷத்தில் கிடையாது, ஏனென்றால் அடுத்த வருஷத்து டீமை இப்போதே பாதி கட்டிவிடலாம், போட்டிக்கு ஆளே இல்லை.

கீப்பர் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இந்த வருஷம் வைத்திருந்த ஆட்டக்காரர்களில் சிலரை, ட்ராஃப்டில், அதாவது சீசனுக்கு முன் ரவுண்ட் ரவுண்டாக ஆள் பிரிப்பதில், எடுத்த ரவுண்ட் விலைக்கே (அல்லது உங்கள் லீக் விதிப்படி கொஞ்சம் ஏற்றி) அடுத்த வருஷத்துக்கும் வைத்துக்கொள்வது. ட்ரீம்11 மாதிரி இன்றைக்கு டீம் போட்டு இன்றைக்கே ரிசல்ட் பார்க்கிற ஆட்டம் இல்லை இது. ஆறு மாதம் ஓடும், அப்புறம் அடுத்த மார்ச் ட்ராஃப்ட் வரைக்கும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாரைக் கீப்பர் வைப்பது என்று உட்காரும்போது எல்லோரும் செய்கிற முதல் வேலை கடைசி முப்பது நாள் என்ற ஃபில்டரைத் தட்டிப் பார்ப்பது. அதைத் தட்டாதீர்கள். தட்டினாலும் ஹோம் ரன், ஆவரேஜ் (அட் பேட்டுக்கு, அதாவது கணக்கில் வரும் பேட்டிங் வாய்ப்புக்கு, எத்தனை ஹிட் என்ற விகிதம்) இரண்டையும் பார்க்காதீர்கள்.

1998 யாங்கீஸில் ஷேன் ஸ்பென்சர் என்று ஒருவர் வந்தார். வெறும் 67 அட் பேட், 10 ஹோம் ரன், ஆவரேஜ் .373. செப்டம்பரில் மட்டும் 3 கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கிற ஹோம் ரன்). நியூயார்க் முழுக்க அவர் பேச்சுதான். மொத்தக் கேரியரிலும் அவர் அடித்தது 59 ஹோம் ரன். 2019 ஆகஸ்டில் சின்சினாட்டியில் அரிஸ்டீடெஸ் அக்கீனோ ஒரே மாதத்தில் 14 அடித்தார். அன்றைக்கு வேவரில் (எந்த டீமிலும் இல்லாதவர்களின் பட்டியலில்) அவரை எடுக்க அடிதடியே நடந்தது. மூன்று நான்கு வருஷத்தில் அவர் ஜப்பானுக்கு, சுனிச்சி டிராகன்ஸுக்கு ஆடப் போய்விட்டார்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். 2011இல் மைக் ட்ரௌட் 40 ஆட்டம் ஆடி .220 வைத்திருந்தார், 5 ஹோம் ரன். அடுத்த வருஷம் .326, 30 ஹோம் ரன், 49 ஸ்டீல் (பிட்சர் பந்து போடும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). 2016 ஆகஸ்டில் வந்த ஆரன் ஜட்ஜ் இன்னும் மோசம்: 84 அட் பேட்டில் 42 ஸ்ட்ரைக் அவுட், அதாவது சரிபாதி, ஆவரேஜ் .179. "இவ்வளவு உயரமானவன் பந்தைத் தொடவே மாட்டான்" என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். 2017இல் 52 ஹோம் ரன். அந்தச் செப்டம்பரில் ஜட்ஜை லீக்கின் கடைசி ரவுண்ட் விலைக்குப் பிடித்துப் போட்டவன் எவனோ, அவன் டீமை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஏன் இப்படி என்றால், செப்டம்பர் பேஸ்பால் மற்ற மாதத்து பேஸ்பால் இல்லை. ஒன்றாம் தேதியிலிருந்து ஒவ்வொரு அணியும் 26க்குப் பதிலாக 28 பேரை வைத்துக்கொள்ளலாம். (2020க்கு முன்னால் 40 பேர் வரை வைக்கலாம், அது திருவிழாக் கூட்டம்.) தோற்றுப்போன அணிகள் இளம் பிட்சர்களின் இன்னிங்ஸைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, யார் கிடைத்தாலும் பந்து போடச் சொல்வார்கள். ஜெயித்து இடம் உறுதியான அணிகள் பெரிய ஆட்களுக்கு ஓய்வு கொடுக்கும். ஆக, உங்கள் ஆள் அடித்த ஏழு ஹோம் ரனில் எத்தனை யாருடைய பந்தில் வந்தது என்று பார்த்தால், ஏப்ரலில் அந்த ஆட்களில் பாதிப் பேர் ட்ரிபிள் ஏயில் (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே) இருப்பார்கள்.

கிட்டத்து உதாரணம் வேண்டுமென்றால் டெக்சஸின் வயட் லாங்ஃபோர்ட். 2024 செப்டம்பரில் அமெரிக்கன் லீக்கின் அந்த மாதத்துச் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். மார்ச் ட்ராஃப்டில் விலை எகிறியது. 2025இல் .241, 22 ஹோம் ரன், 22 ஸ்டீல். நல்ல ஆட்டக்காரர், சந்தேகமில்லை. ஆனால் செப்டம்பர் கொடுத்த விலைக்கு இது கட்டுப்படியாகவில்லை. இந்த வருஷம் அவர் பெயரைச் சொன்னால் லீக்கில் யாரும் துள்ளமாட்டார்கள், அதனால் நான் இப்போது வாங்குகிற பக்கம்.

பிறகு கடைசி மாதத்தில் எதைத்தான் பார்ப்பது? தினமும் ஆடுகிறானா, இடக்கை பிட்சர் வந்தால் உட்கார வைக்கிறார்களா, பேட்டிங் வரிசையில் ஆறாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஏறினானா, ஓடுகிறானா, பிட்சர் என்றால் பந்தின் வேகம் குறைந்திருக்கிறதா. இவை மேனேஜரின் முடிவும் உடம்பின் நிலையும். ஹோம் ரன் மாதிரி காற்றடித்தால் மாறுகிற சமாசாரம் இல்லை.

ஓடுவதைப் பற்றிச் சொன்னேனே, ஹுவான் சோட்டோ. 2024இல் யாங்கீஸில் 7 ஸ்டீல். 2025இல் மெட்ஸில் 38. அவருடைய பழைய உச்சம் 12. சோட்டோ வேகமான ஆளே இல்லை, லீக் சராசரிக்கும் கீழ்தான் ஓடுவார். ஆனால் முதல் பேஸில் அவர் நிற்பதைக் கவனித்துப் பாருங்கள்: பிட்சர் கால் தூக்குவதற்கு ஒரு நொடிக்கு முன்பே சின்னதாக ஒரு துள்ளல் வைப்பார், பந்து கையை விட்டுப் போகும்போது உடம்பு ஏற்கெனவே இரண்டாவது பேஸ் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். இது காலின் வேலை இல்லை, கணிப்பின் வேலை. 2023இல் வந்த விதிகள் இதற்குத் தோதாக அமைந்துவிட்டன. பிட்சர் ஒரு பேட்டருக்கு இரண்டு தடவைதான் பேஸ் பக்கம் திரும்பலாம் அல்லது தான் நிற்கிற ரப்பர் பலகையை விட்டு இறங்கலாம், மூன்றாவது தடவை எறிந்து ஆளை அவுட் ஆக்காவிட்டால் பாக் (பிட்சரின் விதிமீறல்), ரன்னருக்கு இனாமாக ஒரு பேஸ். பேஸும் 15 இன்ச்சிலிருந்து 18 இன்ச்சாகப் பெரிதானதில் முதல் பேஸுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நாலரை இன்ச் குறைந்தது. 2022இல் லீக் மொத்தமும் 2,486 ஸ்டீல், 2023இல் 3,503.

இதனால் எனக்கு இரண்டு விஷயம் தோன்றுகிறது. ஒன்று, சோட்டோவின் 38 திரும்ப வராது, ஆனால் 7க்கும் போகாது. இருபது என்று எழுதி வைத்தே விலை பேசுங்கள். அப்படிப் பார்த்தாலும் 43 ஹோம் ரன்னும் 127 வாக்கும் (நாலு தப்புப் பந்துக்கு இனாமாகக் கிடைக்கிற முதல் பேஸ்) இருக்கிறது, முதல் ஐந்து பேரில் அவர் உண்டு. இரண்டாவது, ஸ்டீலுக்காகவே ஒருவனை எடுக்கிற பழக்கத்தை விடுங்கள். எல்லோரும் ஓடுகிற காலத்தில் வெறும் ஓட்டக்காரனுக்கு விலை கிடையாது.

இதே கதையின் இன்னொரு பக்கம் சிகாகோ கப்ஸின் பீட் க்ரோ ஆர்ம்ஸ்ட்ராங். ஆல் ஸ்டார் இடைவேளையில் 25 ஹோம் ரன், 27 ஸ்டீல், எம்.வி.பி. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) பேச்சு. சீசன் முடிவில் 31, 35. அதாவது இரண்டாம் பாதியில் வெறும் 6 ஹோம் ரன். வருஷம் முழுக்க 29 வாக். வெளியே போகிற பந்தைத் துரத்துகிறார் என்பது பிட்சர்களுக்குத் தெரிந்துபோன பின் ஸ்ட்ரைக்கே போடவில்லை. ஆன் பேஸ் (வாக்கையும் சேர்த்து பேஸுக்குப் போன விகிதம்) கணக்கில் வருகிற லீக் என்றால் .287 உங்களைக் கொன்றுவிடும். ஆவரேஜ் லீக் என்றால் வைத்துக்கொள்ளலாம், ஃபீல்டிங்குக்காகவே அவரைத் தினமும் ஆடவிடுவார்கள், 30-30 செய்தவனைச் சும்மா விடவும் மனசு வராது. ஆனால் உங்கள் லீக்கில் ஜூலை மாதத்து க்ரோ ஆர்ம்ஸ்ட்ராங்கை இன்னும் நம்புகிறவர் ஒருவர் இருந்தால், அவருக்கு இன்றிரவே ட்ரேட் அனுப்புங்கள்.

கேல் ராலே பற்றிச் சொல்லாமல் 2025 பற்றி எழுத முடியாது. 60 ஹோம் ரன், ஒரு கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவர்). சால்வடோர் பெரஸின் 48தான் கேட்சர் ரெக்கார்டாக இருந்தது, இரண்டு பக்கமும் பேட் செய்கிறவர்களில் மிக்கி மான்டிலின் 54. இரண்டையும் தாண்டினார். 27, 30, 34, 60 என்று அவருடைய வருஷங்கள் போகின்றன. ஏறுகிற வரிசை, ஆனால் கடைசி எண் மட்டும் ஏணியை விட்டு மாடிக்குத் தாவியிருக்கிறது. பெரஸ் 48 அடித்ததற்கு அடுத்த வருஷம் 23தான் அடித்தார், கட்டை விரல் காயமும் சேர்ந்து. ராலேக்கு நான் 40 வைப்பேன். 40 அடிக்கிற கேட்சர் தங்கம்தான், அவர் ஓய்வு நாளிலும் டி.எச். (ஃபீல்டிங் இல்லாமல் பேட் மட்டும் செய்கிறவர்) ஆக ஆடுவதால் மற்ற கேட்சர்களைவிட அட் பேட்டும் கூடுதல். எட்டாவது ரவுண்டில் எடுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள். புது ட்ராஃப்டில் முதல் ரவுண்ட் கேட்டால் நான் பக்கத்துக்காரருக்கு விட்டுக்கொடுப்பேன்.

பிட்சர்களில் ஒரே ஒரு சண்டை. பால் ஸ்கீன்ஸ் 1.97 இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கிற ரன்) வைத்துக்கொண்டு 10-10. பத்து வெற்றி, பத்து தோல்வி! பிட்ஸ்பர்க் பேட்டர்கள் அவருக்குச் செய்த துரோகம் இது. வெற்றியை இன்னும் ஒரு கேட்டகரியாக வைத்திருக்கிற லீக் என்றால் ஸ்கூபலும் (13-6, 2.21) க்ரோஷேயும் (18-5, 255 ஸ்ட்ரைக் அவுட்) அவருக்கு முன்னால் போகவேண்டும், குவாலிட்டி ஸ்டார்ட் (ஆறு இன்னிங்ஸாவது போட்டு மூன்று ரன்னுக்குள் நிறுத்துவது) லீக் என்றால் ஸ்கீன்ஸ். கமிஷனரைப் பிடித்து வெற்றிக் கேட்டகரியைத் தூக்கச் சொல்வது இதற்கெல்லாம் மேல். ஜாக் வீலரை மறந்துவிடாதீர்கள், ஆகஸ்டில் ரத்தக் கட்டி, செப்டம்பரில் அறுவை சிகிச்சை. 2026 ஏப்ரலில் அவர் இருப்பார் என்று கணக்குப் போடாதீர்கள். காய லிஸ்ட் இடம் அதிகமுள்ள லீக்கில் மட்டும் மலிவாகக் கிடைத்தால் பார்க்கலாம்.

புதுமுகங்களில் எனக்குப் பிடித்த சமாசாரம் 50 இன்னிங்ஸ் கோடு. அதைத் தாண்டினால் (பேட்டர் என்றால் 130 அட் பேட்) ரூக்கி (புதுமுகம்) அந்தஸ்து போய்விடும். மெட்ஸின் நோலன் மெக்லேன் ஆகஸ்ட் நடுவில் வந்து 8 ஸ்டார்ட், 2.06 இ.ஆர்.ஏ., சரியாக 48 இன்னிங்ஸ். டொரொண்டோவின் ட்ரே யெசாவேஜ் 2025ஐ சிங்கிள் ஏயில் (மைனர் லீக்கின் கீழ்ப்படியில்) ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏறி செப்டம்பர் 15இல் மேலே வந்து முதல் ஆட்டத்திலேயே 9 ஸ்ட்ரைக் அவுட். அவர் மொத்தம் 14 இன்னிங்ஸ். இரண்டு பேரும் 2026இலும் ரூக்கிகள்தான். மைனர் லீக் இடம் தனியாக உள்ள டைனஸ்டி லீக்கில் (டீமை வருஷக்கணக்கில் அப்படியே வைத்துக்கொள்கிற லீக்), உங்கள் விதி 50 இன்னிங்ஸ் என்றிருந்தால், இவர்களை அங்கேயே இலவசமாக உட்கார வைக்கலாம். விதிப் புத்தகத்தை ஒரு தடவை படியுங்கள், பாதிப் பேர் படிப்பதில்லை. அதோடு, பெரிய பெயர் எடுத்த ரூக்கி வருஷம் முழுக்க மேலே இருந்து விருது வாங்கினால் அணிக்குக் கூடுதல் ட்ராஃப்ட் பிக் கிடைக்கிற ஏற்பாடும் இருப்பதால், இப்படிப்பட்டவர்களை ஏப்ரலில் கீழே பதுக்கி வைக்கிற பழைய வழக்கம் குறைந்திருக்கிறது.

மைதானத்தையும் பாருங்கள். நிக் கர்ட்ஸ் 117 ஆட்டத்தில் 36 ஹோம் ரன், ஜூலை 25 அன்று ஹூஸ்டனில் ஒரே ஆட்டத்தில் 4. அத்லெட்டிக்ஸ் இன்னும் சில வருஷம் சாக்ரமென்டோவின் அந்தச் சின்ன மைனர் லீக் மைதானத்தில்தான் இருக்கப்போகிறார்கள், ஆக அவருக்கு எந்தக் கவலையும் இல்லை, எனக்கு அவர் முதல் ரவுண்ட். டாம்பாவின் ஜூனியர் கமினேரோ கதை வேறு. 45 ஹோம் ரன் அடித்தது கூரை பிய்ந்த டிராபிகானாவை விட்டு ஸ்டைன்பிரென்னர் ஃபீல்டில், ஃப்ளோரிடா வெயிலில், திறந்த வெளியில் ஆடிய வருஷம். 2026இல் மறுபடி கூரைக்குக் கீழே போவதாகத் திட்டம். 22 வயசு, கை பலம் யாருக்கும் குறைந்ததில்லை, இருந்தாலும் 45க்கு விலை கொடுக்காமல் 35க்குக் கொடுங்கள்.

கடைசியாக சேவ் (முன்னிலையை விடாமல் ஆட்டத்தை முடித்துக் கொடுக்கிற பிட்சருக்கு வரும் கணக்கு). இதில் நம்பரைவிட ஒப்பந்தத்தைப் படிக்கிறவன்தான் ஜெயிப்பான். சான் டியேகோவில் ராபர்ட் சுவாரஸ் 40 சேவ் எடுத்தார், ஆனால் சீசன் முடிந்ததும் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுகிற உரிமை அவருக்கு இருந்தது. ஜூலை 31இல் அதே அணி அத்லெட்டிக்ஸிலிருந்து மேசன் மில்லரை வாங்கி எட்டாவது இன்னிங்ஸில் வைத்துக்கொண்டது. ட்ரேடுக்குப் பிறகு சேவ் வரவில்லை என்று மில்லரைக் கைவிட்டவர்கள் பல லீக்குகளில் இருக்கிறார்கள். வேவர் இன்னும் திறந்திருந்தால் போய்ப் பாருங்கள், இல்லையென்றால் அவரை வைத்திருப்பவரிடம் ஒரு நடுத்தர ரவுண்ட் பிக்கை நீட்டுங்கள். சுவாரஸ் போனால் சேவ் மில்லருக்கு என்பதால், அவர் முடிவைச் சொன்ன பிறகு கேட்டால் அந்த விலைக்குக் கிடைக்காது.