மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு பஸ்ஸில்: பையும் தயிரும் எல்லைக்கோடும்

கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் ரயில் மட்டக்களப்போடு முடிந்துவிடும். அம்பாறைக் கரைக்குத் தண்டவாளம் இல்லை. தெற்கே போக ஏ4 வீதியும் பஸ்ஸும்தான். பொத்துவிலுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் அலைச்சறுக்குக்காக வருகிறவர்கள் ஒரே மூச்சில் போய்விடுகிறார்கள். கல்முனையில் இறங்காமல் போனால் இந்தக் கரையின் அரசியல் பிடிபடாது.

முதலில் பை. பின்கதவால் ஏற்றாதீர்கள், கொஞ்சத் தூரத்திலேயே சனம் நிறைந்து, இறங்கும்போது எடுக்க முடியாமல் போகும். முன்கதவால் ஏறி, சாரதிக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியோரம் வைக்கலாமா என்று கண்டக்டரிடம் கேளுங்கள். மூடி நன்றாகச் சுடும், பற்றரி உள்ள பக்கம் அதில் படக்கூடாது. முன்வரிசை மதகுருமாருக்கானது. 5000 ரூபாய்த் தாளுக்குக் காலையில் மாற்று இருக்காது. 100, 500 வைத்திருங்கள். காலை வெயில் இடப்பக்க ஜன்னலால் முகத்தில் அடிக்கும். வலப்பக்கம் இருந்தால் நிழலும் கிடைக்கும், வாவியும் தெரியும்.

காத்தான்குடி முஸ்லிம் ஊர், அடுத்த ஆரையம்பதி தமிழ் ஊர். மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று மாறி மாறி வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் ஊர்களில் கடை பூட்டியிருக்கும், சாப்பாட்டை முன்பே முடித்துவிடுங்கள்.

கல்முனையில் பல வருடமாகத் தீராத கேள்வி, வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்துவதா இல்லையா என்பது. தமிழர் கேட்கிறார்கள், முஸ்லிம்கள் எதிர்க்கிறார்கள். 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதம் நடந்தது. சாய்ந்தமருது கேட்ட தனி நகரசபைக்கு 2020 பெப்ரவரியில் வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பு வந்து, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அலுவலகப் பெயர்ப்பலகைச் சண்டை போலத் தெரியும். காணி அனுமதிப்பத்திரமும் நிவாரணமும் ஒதுக்கீடும் செயலகம் வழியாகத்தான் வருகின்றன என்பதால், எல்லைக்கோடு எந்தத் தெருவால் போகிறது, கடைத்தெரு எந்தப் பக்கம் விழுகிறது என்பது வயிற்றுப் பிரச்சினை. இரண்டு பக்கத்தாரிடமும் கேளுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் பேசும்.

பேச்சை அரசியலில் தொடங்க வேண்டாம். "இந்த முறை வேளாண்மை எப்படி?" என்று கேட்டால் போதும். இங்கே வேளாண்மை என்றால் நெல். 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்த கதை தானாக வரும். 1990ஐ நீங்களாகக் கிளறாதீர்கள். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும் செப்டம்பரில் சத்துருக்கொண்டான் மக்களும் கொல்லப்பட்ட வருடம் அது. சொல்ல நினைப்பவர் சொல்வார், அப்போது குறுக்கே பேசாமல் இருங்கள்.

வீதியோரக் கடையில் மண்சட்டி எருமைத் தயிர் வாங்குங்கள். சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். ஆடை அசையாமல் நின்றால் நல்ல தயிர். ஓரத்தில் மஞ்சள் நீர் ஓடினால் வேண்டாம். மண் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் அந்தக் கட்டி. அதற்குள்ளும் அரசியல் உண்டு. பெரும்போகத்தில், அதாவது மழைக்கால நெற்பருவத்தில், வயல் விதைத்ததும் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. மேற்கே மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அங்கே வெளிமாவட்டத்தார் பயிர் செய்வதை எதிர்த்து 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள்.

மே முதல் செப்டம்பர் வரை வீதி காய்ந்திருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வந்தால் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு–சம்மாந்துறை வீதியில், மாவடிப்பள்ளியில், மதரசாப் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் கவிழ்ந்து உயிர்கள் போயின. வீதியை மூடி வெள்ளம் ஓடினால் எந்த வாகனத்திலும் ஏறாதீர்கள், கல்முனையிலேயே தங்கிவிடுங்கள்.