பாப்பா எங்க படுப்பா?

"பாப்பா எங்கக்கா படுப்பா?"

அவள் கேட்டது இவ்வளவுதான். "அம்மாகூடத்தான்மா" என்றேன். "சரி" என்றாள். (வயது, உறவு எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். குழந்தையின் அடையாளம் வெளியே வரக்கூடாது என்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்திலேயே ஒரு பிரிவு உண்டு.)

குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டுக்காரர் என்றால், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். வீட்டிலேயே விடலாமா, குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பலாமா என்று குழு 3 நாளில் முடிவு செய்ய வேண்டும். போக்சோவின் 2020 விதிகள் அப்படி. வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட சித்தப்பா தலைமறைவு. கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி பாட்டி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா வாயே திறக்கவில்லை. இந்த வீட்டில் விட முடியாது என்று அரைமணியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் இன்றும் சந்தேகமில்லை.

குழந்தையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். கேட்டேன். பதிலுக்கு வந்ததுதான் அந்தக் கேள்வி. நான் எழுதியது: "தங்கையைப் பிரிவதில் வருத்தம் உள்ளது. இல்லத்தில் தங்க மறுப்பில்லை." அவள் சொன்ன 'சரி' வேறொன்றுக்கு.

ராத்திரி தட்டின் முன் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. 13 வயதுப் பெண், தங்கை எங்கே படுப்பாள் என்று கேட்டால் அது வெறும் பிரிவு வருத்தமா? இத்தனை நாள் சின்னவளைச் சுவரோரம் படுக்க வைத்துவிட்டு இந்தப் பக்கம் அவள் படுத்திருந்தாளோ? காவல் இருந்தவளைத்தான் நான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேனோ?

மறுநாள் குழுவிடம் சொன்னேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து போய்ப் பார்த்தார்கள். சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவில்லையா, நடந்தும் சொல்லவில்லையா? அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே வரிதான். அந்த ஆள் பிடிபட 11 நாள் ஆனது. 11 ராத்திரி.

"ரொம்ப யோசிக்கிற, பிள்ளை தங்கச்சியைத் தேடுது, அவ்வளவுதான்" என்றார் கூட வேலை செய்பவர். இருக்கலாம். நாலு பேர் நிற்கிற கூடத்தில், கையில் படிவத்தை வைத்துக்கொண்டு, எவ்வளவுதான் காதில் விழும்? ஆனால் கூடத்தில் வைத்துப் பேசியதும் நான்தானே. மொட்டை மாடி காலியாகத்தான் இருந்தது.

புதிதாக வருபவர்களிடம், குழந்தை கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள், ஏன் கேட்கிறாள் என்று பாருங்கள் என்கிறேன். நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை. வழக்கு நடக்கும்போது கூடவே துணைக்கு இருக்கும் 'ஆதரவு நபர்' அவளுக்கு நான்தான். சிறப்பு நீதிமன்றத்துக்கு இரண்டு முறை ஒன்றாகப் போய் வந்தோம். கேட்டு, அவள் ஏதாவது சொல்லிவிட்டால் அதையும் நான் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மறுபடி முதலிலிருந்து எல்லாம். அதனால்தான் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுவிட்டு, வழிப்பக்கம்தான் உட்கார்வாள்.