நெக்கை வெட்டாமல் ஒரு குரூசர்

ஏப்ரல் 5

கம்மவான்பேட்டையிலிருந்து ஒரு அண்ணன் என் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். மிலிட்டரிக்காரர் (அந்த ஊருக்கே ராணுவப்பேட்டை என்றுதான் பேர்), லீவு மே 8 வரைக்கும். டாட்டா ஏஸில் ஏற்றிக் கொண்டுவந்தது அவர் அப்பாவுடைய பழைய ஸ்டாண்டர்டு புல்லட், வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். போனில் ஒரு சாப்பர் படத்தைக் காட்டி, "முன்சக்கரம் இப்படி நீட்டிக்கிட்டு நிக்கணும் தம்பி" என்றார். அதற்கு நெக்கை, அதாவது ஃபிரேமில் ஃபோர்க் மாட்டுகிற கழுத்தை வெட்டி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைச் சாய்த்து, மறுபடி வெல்டு வைக்க வேண்டும். மாட்டேன் என்றேன். கம்பெனி அளவை மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு, அது ஒரு பக்கம். அந்த வெல்டு ஒரு நாள் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி எண்பதில் போகும்போது விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

முகம் வாடிப் போனார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ஏப்ரல் 7

பின்னாடி ஷாக் அப்சார்பரை ஒன்றரை இன்ச் சின்னதாகப் போட்டால் போதும். பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் தானாகவே சாயும், புல்லட் நீளத்துக்கு ஒரு இன்ச்சுக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. சீட்டும் இறங்கும். ஹேண்டில்பாரைப் பின்னால் இழுத்து, ஃபுட்ரெஸ்டை முன்னால் தள்ளிவிட்டால் பார்க்கிறவனுக்குக் குரூசர்தான். சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினேன், அண்ணன் ஒத்துக்கொண்டார். கூட வந்த அவர் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "டேங்கைத் தொடாதே." அதில் இருக்கும் தங்கக் கோடு திருவொற்றியூர் ஃபேக்டரியில் கையால் இழுத்தது. நானும் தொட மாட்டேன், அந்தக் கை எனக்கு வராது.

ஏப்ரல் 13

ஹேண்டில்பார் மாட்டியாச்சு. மாட்டின பிறகுதான் தலைவலி: கிளட்ச், ஆக்சிலேட்டர், முன் பிரேக், டீகம்ப்ரஷர் (கிக்கர் லேசாக இறங்க இன்ஜின் அழுத்தத்தை வெளியே விடுகிற லீவர்), நாலு கேபிளும் எட்டவில்லை. ஹெட்லைட் வயரும் இழுத்துப் பிடிக்கிறது. கஸ்டமர் கண்ணுக்கு இது எதுவும் தெரியாது, பில்லில் மட்டும்தான் தெரியும். நாளைக்கு வருஷப் பிறப்பு, கடை லீவு.

ஏப்ரல் 19

இன்றைக்கு என் மேலேயே எனக்குக் கோபம். கியர் லீவர் முன்னால் போய்விட்டதால் லேத்தில் ஒரு ராடு போட்டு, கியர்பாக்ஸ் ஷாஃப்டில் ஆர்ம் வைத்து இணைத்திருந்தேன். கணியம்பாடி ரோட்டில் ஓட்டிப் பார்க்க எடுத்தேன். இந்த வண்டிக்கு ஒன்றாம் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஒன்றைத் தூக்கிப் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி திக்கித் திக்கிப் போகிறது. சரி, எப்படியோ நகர்ந்தாச்சு, ரெண்டுக்குப் போகலாம் என்று மிதித்தேன். ஒன்றாம் கியர் விழுந்து பின்சக்கரம் கிறீச்சிட்டது, பின்னால் வந்த டவுன்பஸ் டிரைவர் என் பரம்பரையையே விசாரித்தார். மேலே பார்க்க வேண்டிய ஆர்மைக் கீழே பார்க்க மாட்டியிருக்கிறேன், கியர் வரிசை அப்படியே தலைகீழ். திருப்பி மாட்டப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 24

சைடு ஸ்டாண்டு. வண்டி இறங்கினால் ஸ்டாண்டு நீளமாகிவிடும் என்பது எனக்குத் தெரியாததா? வண்டி நட்டுக்குத்தலாக நின்றது, பையன் தொடைத்துக்கொண்டே லேசாகச் சாய, அந்தப் பக்கம் போக இருந்தது. எட்டிப் பிடித்தேன். அரை இன்ச் அரை இன்ச்சாக அறுத்து, ஒவ்வொரு தடவையும் தள்ளி நின்று பார்த்து முடித்தேன். சென்டர் ஸ்டாண்டு ஸ்பீட் பிரேக்கரில் தட்டியது, கழற்றிக் கையில் கொடுத்துவிட்டேன்.

மே 2

சீட்டுக்கு ஆம்பூரிலிருந்து தோல் வந்தது. ஷூ தைக்கிற மேல்தோல் மெல்லிசு, ரெண்டு வருஷம் தாங்காது, அதனால் பெல்ட்டுக்குப் போகிற தடிப்பில் கேட்டு வாங்கினேன். தைக்கும் பாய் ரெண்டு ஊசியை உடைத்துவிட்டு என்னைத்தான் திட்டினார்.

மட்கார்டு பெயிண்ட் விடியற்காலை ஐந்து மணிக்கு. நம்ம ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் அடித்தால் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும்.

மே 6

அப்பாவும் மகனும் வந்தார்கள். அண்ணன் எட்டு உதை உதைத்தார், நான் ஆறு. சீட் தாழ்ந்துவிட்டதால் கால் பலம் சரியாக இறங்கவில்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பெரியவர் எங்களை ஒதுக்கிவிட்டு, சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரைக் காலால் மெதுவாகத் தள்ளினார். கண் முழுக்க பேட்டரி கரண்டைக் காட்டும் ஆம்மீட்டர் மேலே. முள் நடுவுக்கு வந்ததும் (பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்தாச்சு என்று அர்த்தம்) லீவரை விட்டார், கிக்கரை மேலே வர விட்டு ஒரே மிதி. டப், டப், டப்.

இறங்குவார் என்று பார்த்தால் அப்படியே கிளம்பிவிட்டார், கால் மட்டும் பழைய இடத்தில் ஃபுட்ரெஸ்டைத் தேடிக்கொண்டே போனது. அண்ணன் கையில் ஹெல்மெட்டோடு நிற்கிறார். இருபது நிமிஷம் கழித்து வந்தவர், பாகாயத்தில் டீ குடித்தேன் என்றார். பாக்கி ஆறாயிரத்தை நாளைக்குத் தருவார்களாம்.